இரண்டு டெனர்களை வைத்துக்கொண்டு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். பள்ளிக்கூட வாத்தியார் வேலை. இசையை முறையாகப் படித்ததில்லை, பழைய கொயர் மாஸ்டர் ஒருவரிடம் டோனிக் சொல்ஃபா (டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) மட்டும் கற்றுக்கொண்டேன். பதினெட்டு பேர் பாடுகிறோம். பெண்கள் பன்னிரண்டு (மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ), ஆண்களில் கீழ்க்குரலான பேஸ் நாலு, மேல்குரலான டெனர் இரண்டே பேர். கீபோர்டும் ஒரு வயலினும் உண்டு. ஊர் பேண்டு செட்டிலிருந்து கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் கேரல் ஆராதனைக்கு இணையத்தில் ஷீட் (இசைக்குறிப்புத் தாள்) தேடினால் ஒன்று எங்களுக்கு எட்டாததாக இருக்கிறது, இல்லையென்றால் காசு கேட்கிறார்கள். நம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கு நாலு பார்ட் ஷீட், அதாவது நாலு குரலுக்கும் தனித்தனி வரி எழுதியது, எங்குமே காணோம். அது ஏன்? சின்னக் குழுவுக்கு நல்ல ஷீட் எங்கே கிடைக்கும்? ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது தப்பா? என் பெயரைப் போடவேண்டாம், பெரிய கொயர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்க மாட்டார்கள். டெனர் பஞ்சம் அவர்களுக்கும் உண்டு, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கே கிடைக்கும் என்பதற்குப் பதில் சுலபம். கொயர் பாடல்களுக்கு சிபிடிஎல் (CPDL) என்று ஒரு தளம் 1998 முதல் இருக்கிறது. வாத்திய இசைக்கும் பழைய அச்சுப் பிரதிகளுக்கும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) தளம். இரண்டிலும் பதிப்புரிமை முடிந்த படைப்புகள் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அங்கே போய் எதை இறக்கினாலும் உங்களிடம் இல்லாத ஆட்களுக்காக எழுதப்பட்டதாகத்தான் இருக்கும். ஷீட்டை முதலில் தேடிவிட்டு அதற்குள் ஆட்களைத் திணிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். இந்தப் பதினெட்டு பேருக்கு நீங்களே எழுதுங்கள். சொல்ஃபா தெரிந்தவருக்கு அது பெரிய வித்தை இல்லை.

கொயர் என்று பெயர் வைத்த மறுவருஷமே ஹாண்டல் என்ற பழைய இசையமைப்பாளரின் அல்லேலூயா கோரஸைப் பாடியாக வேண்டும் என்று திருநெல்வேலிச் சபைகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அதில் நடுவே ஒரு இடம் வரும். பேஸ் ஒரு வரியைத் தொடங்கும், அடுத்து டெனர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். உங்கள் இரண்டு பேரும் அங்கே நட்டநடுவில் நிற்பார்கள். அதற்குப் பிறகு சொப்ரானோ ஒவ்வொரு படியாக நீட்டி நீட்டி மேல் 'ஜி' வரை போகும். டிசம்பர் குளிரில், இரண்டு வாரம் தெருத்தெருவாகக் கேரல் பாடித் தொண்டை கட்டிய பிறகு அதைப் பாடுவானேன்? இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சைலன்ட் நைட் என்று உலகமே பாடுகிறதே, அது 1818 கிறிஸ்துமஸ் முந்தின இரவில், ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில், இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிதாருமாகத்தான் முதலில் பாடப்பட்டது. கோரஸ் கடைசி அடிகளைத் திரும்பச் சொன்னதோடு சரி. சின்னக் குழுவுக்கென்றே பிறந்த பாட்டு. அதைப் பெரிய ஆர்கெஸ்ட்ரா அளவுக்கு ஊதிப் பெருக்கிய ஷீட்டை இறக்கிவைத்துக்கொண்டு நாம் முழிக்கிறோம்.

இப்போது டெனர் விஷயம். ஆள் குறைவு என்று டெனர் வரியை அப்படியே வெட்டினால் பாட்டு ஓட்டையாகிவிடும். ஏன் என்று பார்ப்போம். பாட்டின் கடைசியில் பேஸ் 'டோ', டெனர் 'மீ', ஆல்டோ 'சோ', சொப்ரானோ மேல் 'டோ' என்று நிற்பது வழக்கம். டெனரை எடுத்துவிட்டால் டோ, சோ, டோ மட்டும் மிஞ்சும். பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்கிற சுரமே 'மீ'தான். அது போனபின் கேட்பவருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், என்னவென்று தெரியாது. ஆகவே ஆல்டோவை 'சோ'விலிருந்து 'மீ'க்கு இறக்குங்கள். அதற்கு முந்தின சுரக்கட்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) 'டீ', 'ஃபா' இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ரே' போனால் போகட்டும். இந்த இரண்டு இடங்களைச் சரிபார்த்தாலே பாமாலைப் பாட்டுகளில் (மேற்கத்திய மெட்டில் பாடும் ஞானப்பாட்டுகளில்) பெரும்பாலானவற்றை மூன்று பார்ட்டில் எழுதிவிடலாம்: சொப்ரானோ, ஆல்டோ, அப்புறம் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே வரி. எஃப் சுருதியில் அந்த ஆண்கள் வரியைக் கீழ் 'சோ'வுக்கும் நடு 'லா'வுக்கும் இடையில் வைத்துக்கொண்டால் டெனரும் முனகமாட்டார், பேஸும் முனகமாட்டார்.

நாலு பார்ட்தான் வேண்டும் என்று மனசு கேட்கவில்லையென்றால் உங்களிடம் கிளாரினெட் இருக்கிறது. அதன் கீழ்ஸ்தாயி ஆண்குரல் மாதிரியே கனமாக இருக்கும், டெனர் வரியின் எல்லைக்குள் அப்படியே உட்காரும். இரண்டு டெனர்களுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி அதே வரியை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஐந்து டெனர் பாடுவதுபோல் கேட்கும். நான் கேட்டிருக்கிறேன்.

பி ஃப்ளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழேதான் பேசும். நீங்கள் எஃப்பில் பாடினால் அவர்களுக்கு ஜியில் எழுதித் தரவேண்டும். பேண்டு செட்காரர்களில் பலர் ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) பார்த்து வாசிப்பவர்கள் இல்லை, காதால் பிடிப்பவர்கள். அவர்களிடம் 'பாட்டு நாலு கட்டை (எஃப்), உங்க கையில அஞ்சு கட்டை (ஜி)' என்றால் போதும், சரிகமவில் எழுதிய ஷீட்டைப் பார்த்தே வாசித்துவிடுவார்கள். எஃப் சுருதி வயலினுக்கும் தொந்தரவில்லை. டிரம்பெட்டுக்கு முன்னிசையில் நாலு பார் (தாளக் கட்டம்), கடைசிச் சரணம், அவ்வளவு போதும். முழுக்க வாசிக்கவிட்டால் சொப்ரானோ பெண்கள் வாயசைத்த மாதிரிதான் இருக்கும். அப்புறம், கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். பாதிப் பாட்டில் கீபோர்டு தம்பி இரண்டு ஏற்றிவிட்டு, கிளாரினெட்காரர் விரலைத் தேடுகிற காட்சி எந்தப் பண்டிகையிலும் வேண்டாம்.

சொல்ஃபா மட்டும் தெரியும் என்று வெட்கப்படுகிற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எதற்கு? இங்கிலாந்தின் நார்விச்சில் சாரா குளோவர் என்ற அம்மையார் வகுத்ததை ஜான் கர்வன் பாதிரியார் 1840களில் திருத்திப் பரப்பினார். படிக்காத தொழிலாளிகளும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் பார்த்துப் பாடவேண்டும் என்பதற்காகவே வந்த முறை. டி, ஆர், எம் என்று சாதாரண எழுத்துகள், தட்டுக்கு ஒரு முக்காற்புள்ளி, நீட்டலுக்கு ஒரு கோடு. எந்த அச்சகத்திலும் கோக்கலாம். 'டோ' எங்கே வேண்டுமானாலும் நிற்கும், நம் ஷட்ஜம் போலவே. அதனால்தான் நம் ஆட்களுக்கு அது சட்டென்று ஏறியது.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. மைனர் பாட்டுகளில் (துக்கச் சாயல் உள்ளவை) சொல்ஃபாக்காரர் 'லா'வில் தொடங்குவார். கர்நாடக முறையில் படித்த வயலின்காரருக்கு அதே சுரம்தான் 'ச'. நீங்கள் 'மீயிலேர்ந்து எடுங்க' என்றால் அவர் தன்னுடைய மத்திமத்தையோ காந்தாரத்தையோ எடுப்பார். உங்கள் 'மீ' அவருக்குப் பஞ்சமம். சண்டை வரும். ஆகவே சுரப்பெயர் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பாருக்கும் எண் போட்டு 'பதினேழாவது பார்' என்று சொல்லுங்கள்.

கீர்த்தனைகளுக்கு ஏன் நாலு பார்ட் ஷீட் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இல்லாதது நல்லதுதான் என்பது என் கட்சி. பாமாலை வேறு, கீர்த்தனை வேறு. பாமாலையின் மெட்டு பிறக்கும்போதே நாலு குரலோடு பிறந்தது. கீர்த்தனை ராகத்தில் பிறந்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சைக்குப் போன கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் காலம் முதல் அதற்கு ஒரே வரிதான், அந்த வரிக்குள்ளேயே வேண்டிய அசைவெல்லாம் இருக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும்போது அதற்குக் கீழே ஆல்டோ எந்தச் சுரத்தில் போய் நிற்பாள்?

எழுதிவைப்பதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. சுப்பராம தீட்சிதரின் கர்நாடக இசை நூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்தில்தான் அச்சானது. ஒவ்வொரு கமகத்துக்கும் (சுரத்தின் அசைவுக்கும்) தனிக்குறி போட்ட புத்தகம் அது. அதைக் கொண்டுவரச் சொல்லி விடாமல் தூண்டியவர்களில் ஒருவரான ஏ. எம். சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர், நம் இசையை ஸ்டாஃப் நொட்டேஷனில் 1893இலேயே அச்சிட்டுக் காட்டியவர். சுரண்டைப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். சுருதிக் கணக்கிலேயே பல வருஷங்களைச் செலவிட்ட மனிதர், கீர்த்தனைகளும் எழுதியவர். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. எழுதவேண்டியது சுரத்தின் அசைவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, கேரல் ஆராதனையில் கீர்த்தனையும் வேண்டுமே? பாடுங்கள். பதினெட்டு பேரும் ஒரே குரலில். ஆண்கள் சில இடங்களில் 'ச–ப' பிடித்து நிற்கட்டும். மேற்கத்திய மேஜர் வரிசையை ஒத்த சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனை என்றால் சரணத்தின் கடைசி அடியில் மட்டும் ஆல்டோவைப் பிரிக்கலாம். பாட்டு வளையும் இடத்தில் மற்ற குரல் அசையாமல் நிற்கவேண்டும், அது ஒன்றுதான் விதி. வயலினுக்கு அடிகளுக்கு நடுவே இடம் கொடுங்கள்.

வாத்தியங்களுக்கு மட்டுமாக ஆராதனைக்கு முன் ஏதாவது வேண்டுமென்றால் இன்னொரு யோசனை. எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைப் பக்கம் கேட்ட ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள், சுமார் 40 இருக்கும். எல்லாம் சங்கராபரணம், கமகமே கிடையாது. மெட்டை மட்டும் எடுத்து வயலினுக்கும் கிளாரினெட்டுக்கும் பிரித்துக் கொடுத்தால் அழகாக இருக்கும். சபை ஐயரிடம் (பாதிரியாரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய இங்கிலாந்து ராஜ வாழ்த்து மெட்டும் அதில் ஒன்று, அதைத் தவிர்த்துவிடுங்கள், பெரியவர்கள் எழுந்து நின்றாலும் நிற்பார்கள்.

எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம். யூனிகோட் தமிழ் அதில் ஒழுங்காக வரும். ஒரு அசையைத் தட்டி ஹைபன் அடித்தால் அடுத்த சுரத்துக்குப் போகும், சொல் முடிந்தால் ஸ்பேஸ். சொற்களைச் சொப்ரானோவுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றவர்களை அண்ணாந்து பார்க்கவைக்காதீர்கள், எல்லா வரிக்கும் போடுங்கள். மெய்யெழுத்தில் முடியும் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். 'தேவன்' என்று நாலு தட்டு நீட்டும்போது நீளவேண்டியது 'வ', 'ன்' அல்ல. நாலாம் தட்டு முடிவில் எல்லாரும் சேர்ந்து 'ன்' மூடவேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தால் பாதிப் பயிற்சி முடிந்தது.

ஜெராக்ஸ் பற்றி. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 வருஷம் ஆனால் பதிப்புரிமை தீர்ந்தது. ஹாண்டலை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் போன வருஷம் ஒருவர் அதை மூன்று பார்ட்டாக மாற்றி விற்கிறார் என்றால் அந்த அமைப்பு அவருடையது. ஒன்றை வாங்கிப் பதினெட்டாக்கினால் தப்பு, பதினெட்டுக்கும் பணம் கட்டவேண்டும். உண்மையான வழிபாட்டில் பாடுவதைச் சட்டமே அனுமதிக்கிறது, 52ஆம் பிரிவில் இருக்கிறது. அது பாடுவதற்குத்தான், பிரதி எடுப்பதற்கு இல்லை. டிக்கெட் போட்டுக் கச்சேரி வைத்தால் அதுவும் பொருந்தாது. இப்போது பாடுகிற புதுப் பாட்டுகளுக்கு எழுதியவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

பாட்டு ஒவ்வொன்றும் ஏ4இல் எதிரெதிர் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும், நடுவில் புரட்டவேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், டியூப்லைட் வெளிச்சத்தில் பேஸ் வரிசைப் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். கோயில் ஃபேனுக்குத் துணி கிளிப் எடுத்துப் போங்கள்.

முதல் பாட்டை எழுதியதும் எனக்கு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஆல்டோ வரியைப் பார்த்துச் சொல்கிறேன். நவம்பர் பாதிக்குள் அனுப்பினால் நல்லது, அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணவீடுகள் வரிசையாக இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணாச்சி