செயின் மட்டும் மாற்றினால் போதாதா?
(வாசகர் கேள்வி - பதில்: பழைய பைக் பராமரிப்பு)

என்னுடையது 2001 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். செயின் கவருக்குள் கடகடவென்று சத்தம். டைட் வைத்தால் நாலு நாளில் மறுபடி லூஸ். செயின் மட்டும் மாற்றலாம் என்றால், மெக்கானிக் முன், பின் ஸ்பிராக்கெட்டுகளையும் (செயின் ஓடும் பல் சக்கரங்கள்) சேர்த்து மூன்றையும்தான் மாற்ற வேண்டும் என்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?
*வாசகர், திருப்பூர்*

மெக்கானிக் சொல்வது சரி. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே தவிர, தகடு எதுவும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோர்க்கும் பின்னும் (pin) அதைச் சுற்றியுள்ள குழல் போன்ற புஷ்ஷும் தேய்கின்றன. 100 சிசி வண்டிகளில் வரும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ. ஒவ்வொரு கண்ணியிலும் கால் மி.மீ. தேய்ந்தால், 112 கண்ணி உள்ள செயினில் மொத்தம் 28 மி.மீ. ஏறிவிடும். அந்த நீண்ட செயினுக்கு ஏற்ப ஸ்பிராக்கெட்டின் பல்லும் ஒரு பக்கமாகக் குழிந்துவிடுகிறது. அதன் மேல் சரியான 12.7 அளவில் புதுச் செயினைப் போட்டால் செயினின் ரோலர்கள் பல்லிடைப் பள்ளத்தில் உட்காராது. மொத்தச் சுமையையும் ஒன்றிரண்டு பல் தாங்கும். புதுச் செயினின் ஆயுள் வெகுவாகக் குறையும். பழைய செயினோடு புது ஸ்பிராக்கெட் போட்டாலும் இதே கதைதான்.

மாற்றும் கட்டம் வந்துவிட்டதா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். செயினை இழுத்துப் பிடித்து, 21 பின் எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளவுகோல் வையுங்கள். புதிதில் 254 மி.மீ. இருக்கும். 258-ஐத் தாண்டினால் விடை கொடுத்துவிடலாம். மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும், தேய்மானம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. அளவுகோல் இல்லையென்றால், பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் போதும், வேறு சோதனை வேண்டாம்.

பின் சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்குப் போனதும் இரண்டு கண்ணியை வெட்டிவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. வெட்டினால் சக்கரம் 12.7 மி.மீ. முன்னால் வரும், அவ்வளவுதான். மீதியிருக்கும் 110 கண்ணியும் தேய்ந்த கண்ணிகள்தானே?

அதே ஸ்பிளெண்டரில் செயின்-ஸ்பிராக்கெட் செட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா? எந்த இடத்தில் கவனம் தேவை?
*வாசகர், நாமக்கல்*

சென்டர் ஸ்டாண்டும் நல்ல ஸ்பேனர் செட்டும் இருந்தால் அரை நாள் வேலை. வாங்கும்போதே பழைய ஸ்பிராக்கெட்டின் பல்லை எண்ணிப் புதியதோடு ஒப்பிடுங்கள், செயினின் கண்ணியையும் எண்ணுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே வருடத்துக்கு வருடம் பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம்.

முதலில் இடப்பக்க எஞ்சின் கவரைக் கழற்றுங்கள். செயின் இன்னும் மாட்டியிருக்கும்போதே, கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்தபடி, முன் ஸ்பிராக்கெட்டின் இரண்டு சின்ன போல்ட்டையும் இளக்கிவிட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு இதைச் செய்யப் போனால் ஸ்பிராக்கெட் கூடவே சுற்றும், பிடிமானம் கிடைக்காது. போல்ட் வந்ததும், பிடித்திருக்கும் தகட்டைக் கொஞ்சம் திருப்பிப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் கழன்றுவிடும். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னாலுள்ள ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இதற்காக இன்னொரு முறை இவ்வளவையும் பிரிக்க யாருக்கும் மனசு வராது.

பின்பக்கம், செயின் கவரின் மேல் கீழ் இரண்டு பாதியையும் எடுத்து, செயினின் இரு முனையை இணைக்கும் செயின் லாக்கைக் கழற்றிச் செயினை உருவுங்கள். வீலை இறக்கிய பிறகு, ஸ்பிராக்கெட் இருக்கும் பகுதியைத் தனியே எடுத்து நட்டுகளைக் கழற்ற வேண்டும். பூட்டுத் தகடு இருந்தால் அதன் காதை நிமிர்த்திவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். திரும்ப மாட்டும்போது காதை மறக்காமல் மடக்குங்கள். உள்ளேயிருக்கும், அதிர்ச்சியைத் தாங்கும் டேம்பர் ரப்பர்களை விரலால் அழுத்திப் பாருங்கள். நைந்து ஆட்டம் கொடுத்தால், புது செட் போட்டும் கியர் மாற்றும்போது 'டக்' சத்தம் நிற்காது.

செயின் லாக் கிளிப்பில்தான் அதிகம் பேர் தவறுவது. மேல் ஓட்டத்தில் செயின் எஞ்சினை நோக்கி ஓடுகிறது. கிளிப்பின் மூடிய வளைவு அந்தத் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எங்காவது தட்டுப்பட்டுக் கிளிப் தெறிக்கும், ஓடும் வண்டியில் செயின் அறுந்த மாதிரிதான். பழைய கிளிப்பைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

செயினுக்கு லூஸ் வைக்கும்போது ஆக்சில் நட்டோடு இடப்பக்கமுள்ள பெரிய ஸ்லீவ் நட்டையும் இளக்க வேண்டும். இதை விட்டுவிட்டு அட்ஜஸ்டரைத் திருகினால் வலப்பக்கம் மட்டும் நகர்ந்து சக்கரம் கோணும். கீழ் ஓட்டத்தின் நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் ராடையும் சரிசெய்யுங்கள், பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் லூஸை ஒருமுறை சோதிப்பது அவசியம், புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

புது செட் போட்டும் சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் டைட், ஓரிடத்தில் லூஸ். மட்டமான சாமானா?
*வாசகர், தென்காசி*

இருக்கலாம், ஆனால் முதலில் பின் ஸ்பிராக்கெட்டைக் கழற்றி அது உட்காரும் முகத்தைத் துடையுங்கள். துரு, பழைய கிரீஸ், மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே தட்டு சாய்ந்து நிற்கும். நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு வித்தியாசம் எந்த வண்டியிலும் இருக்கும். மிக டைட்டான இடத்தில் நிறுத்தி 20 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். லூஸான இடத்தில் அளவு வைத்தால் டைட் இடம் வரும்போது எஞ்சின் பக்கத்து பேரிங் அடிவாங்கும்.

முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 ஆக்கினால் மைலேஜ் கூடுமா?
*வாசகர், ஓசூர்*

அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று சுமார் 7 சதவீதம் குறையும். சமவெளி நெடுஞ்சாலையில் ஒற்றை ஆளாகப் போனால் சத்தம் குறைந்ததாகத் தோன்றும். இரண்டு பேர், மேம்பாலம், எதிர்க்காற்று என்று வந்தால் மூன்றாம் கியருக்கு இறங்கவேண்டி வரும், மிச்சப்படுத்தியது அங்கேயே போய்விடும். 100 சிசிக்கு கம்பெனி கொடுத்த பல்லே போதும்.

1980-களின் புல்லட். பின் ஸ்பிராக்கெட் தனியாகக் கிடைக்கவில்லை.
*வாசகர், கும்பகோணம்*

கிடைக்காது. பழைய புல்லட்டில் பின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. டிரம்மோடுதான் மாற்ற வேண்டும், புது டிரம்முக்கு பிரேக் ஷூ பதியும் வரை பிரேக் கொஞ்சம் மந்தமாகவே பிடிக்கும். கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட் இருப்பது கிளட்சுக்குப் பின்னால். அதை எட்ட, கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி கேஸைத் திறந்து கிளட்சைக் கழற்ற வேண்டும். கூலி அதிகம் என்று அதை விட்டுவிட்டு டிரம்மையும் செயினையும் மட்டும் மாற்றுவதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். அடுத்த முறை கிளட்ச் பிளேட் மாற்றும் தேதியை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே கூலியில் முடியும்.

செயினுக்கு 90 ஆயிலா (கியர் ஆயில்), கிரீஸா, பழைய எஞ்சின் ஆயிலா?
*வாசகர், சிவகாசி*

90 ஆயில். கிரீஸ் தடிமன், பின்னுக்குள் இறங்காமல் வெளியே மண்ணைச் சேர்த்து வைக்கும். பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறது, அது வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, சக்கரத்தைச் சுற்றியபடி உள்பக்க ரோலர்களில் சொட்டு சொட்டாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் பேன்ட்டில் இருக்கும்.