ஆறு கோழிக்கு எவ்வளவு இடம், எந்தப் பக்கம் வாசல்?

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டுக்குப் பின்னால் கிழக்கு மேற்காக இருபது அடி, அகலத்தில் பத்து அடி இடம் இருக்கிறது. மேற்குக் கோடியில் முருங்கை மரம். வடக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை. முட்டைக்காக ஆறு நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. கடையில் ரெடிமேட் இரும்புக் கூண்டு பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?”

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கூண்டு பெரும்பாலும் ஆறு கோழி படுக்கத்தான் போதும், நாளெல்லாம் வாழப் போதாது. நம் ஊரில் கோழிக்கூட்டின் அமைப்பைத் தீர்மானிப்பது இரண்டே விஷயங்கள்: சித்திரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்று ஓடாத கூண்டில் நாற்பது டிகிரி வெயில் அடித்தால் ஒரே மதியத்தில் செத்துவிடும்.

அளவு இப்படி வையுங்கள். இரவில் அடைய, ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி. ஆறுக்கு ஆறடி நீளம், நான்கடி அகலம் சரியாக வரும். பகலில் கிளறித் திரிய ஒரு கோழிக்குப் பத்து சதுர அடி, அதாவது பத்துக்கு ஆறு அடியில் வலையடித்த முற்றம். இரண்டையும் உங்கள் இடத்தின் நடுவாக, நீளம் கிழக்கு மேற்காக இருக்கும்படி வையுங்கள். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும் படும். கூடு முருங்கையின் நிழலில் மேற்கே, முற்றம் கிழக்கே. கூட்டின் மேற்குப் பக்கத்தைப் பலகையால் முழுக்க மூடிவிடுங்கள். கிழக்கில் மேல்பாதி வலையாக இருக்கட்டும், மதியத்துக்குமேல் வரும் கடற்காற்று உள்ளே போக வேண்டும். அதே கிழக்கிலிருந்துதான் வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அடிக்கும். அதனால் கூரையை இரண்டடி வெளியே நீட்டி, சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு தார்ப்பாய் கட்டிவையுங்கள். கூரைக்குத் தகரம் மட்டும் போட வேண்டாம், மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். முருங்கைக் கொம்பு காற்றுக்குச் சட்டென்று முறியும், மழை தொடங்குமுன் கழித்துவிடுங்கள்.

கூடு தரையில் உட்காரக் கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதியில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பின்சுவரில் அந்தத் தண்ணீரின் கறை இருந்தால், அதற்கு ஒரு அடி மேலே கூட்டின் தளம் வர வேண்டும். கறை இல்லாவிட்டாலும் கூட்டின் கால்கள் இரண்டரை அடி உயரமாவது இருக்கட்டும். கூட்டுக்கு அடியிலும் வலை கட்டி முற்றத்தோடு சேர்த்துவிட்டால், வெயில் நேரத்தில் கோழிகள் அங்கேதான் போய்ப் படுக்கும்.

வலை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் போட்ட கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. எங்கள் வீட்டில் முதல் வருஷம் அதைத்தான் கட்டினோம். ஒரே நாளில் கீரி இரண்டு கோழிகளைக் கொன்றுபோட்டது. அதன் பிறகு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை. பெருச்சாளி தோண்டி வரும், அதனால் வலையைச் சுற்றிலும் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கூட்டைக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டவும் வேண்டாம். அந்தச் சந்து பெருச்சாளிக்கு வீடாகிவிடும். எல்லாப் பக்கமும் இரண்டடி விடுங்கள், துடைப்பத்தோடு நீங்கள் நடக்க வேண்டுமே.

உள்ளே அதிகம் தேவையில்லை. பட்டை உரித்த சவுக்குக் கம்பு, இரண்டு அங்குலப் பருமன், ஐந்தடி நீளம், தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். பட்டை இருந்தால் அதன் இடுக்கில் செள்ளு அடையும். முட்டையிட ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி, கம்பைவிடத் தாழ்வாக. பெட்டி உயரத்தில் இருந்தால் கோழி அதிலேயே தூங்கி எச்சமிடும், முட்டை அழுக்காகும். கோழி எச்சத்தில் பாதி இரவில்தான் விழும். கம்புக்கு நேர்கீழே ஒரு தட்டு வைத்துத் தினமும் காலையில் எடுத்து உரக்குழியில் போட்டால் நாற்றத்துக்கு இடமே இல்லை, அடுத்த வீட்டுக்காரரும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்காது. மீதித் தளத்தில் மூன்று அங்குலம் நெல் உமி. நனைந்த உமியை அன்றே மாற்றுங்கள்.

கூட்டுக் கதவு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று வேண்டும். நான்கடி அகலத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுகோடி வரை கை எட்டாது. முற்றம் ஆறடி உயரம் இருக்கட்டும். குனிந்து போகிற கூட்டை யாரும் தினமும் சுத்தம் செய்வதில்லை, இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், விடிகாலையில் அக்கம்பக்கத்தார் தூக்கமும் கெடாது.

எதையும் வாங்குமுன் கோலமாவால் தரையில் இந்த அளவுகளைக் கோடு போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு, மதியம் இரண்டு மணிக்கு, மாலை நான்கு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அப்புறம் முற்றம் வரும் இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கூட்டுப் பக்கம் ஓடினால், முதலில் ஒரு லோடு மண் அடித்து மேடாக்குங்கள். ஆசாரியை அதன் பிறகு கூப்பிடலாம்.