சாப்பிட்டும் கொழுப்பு ஏன் கரைகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, கணையத்தில் புற்றுநோய். நான்கு மாதத்தில் 72 கிலோவிலிருந்து 64 ஆகிவிட்டார். முதலில் தொப்பை வற்றியது. இப்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் குழி விழுந்திருக்கின்றன. ஓரளவு சாப்பிடத்தான் செய்கிறார். "தொப்பை போனது நல்லதுதானே" என்கிறார்கள் உறவினர்கள். கொழுப்புள்ள சாப்பாட்டைக் கூட்டினால் உடம்பு தேறுமா?

பதில்: உறவினர்கள் சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். நல்லதில்லை. புற்றுநோயாளிக்குத் தானாகவே ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், அதைக் கேக்கெக்சியா என்ற தனிப் பிரச்சினையாகவே மருத்துவர்கள் பார்க்கிறார்கள். 72 கிலோவுக்கு அந்த அளவு 3.6 கிலோ. அப்பாவுக்கு 8 கிலோ போயிருக்கிறது.

பட்டினியால் மெலிவது வேறு, இது வேறு. பட்டினியில் உடம்பு சிக்கனம் பார்க்கும். செலவைச் சுருக்கி, தசையைக் கூடியவரை காப்பாற்றி, கொழுப்பை அளந்து எடுக்கும். சாப்பாடு கிடைத்ததும் எடுத்ததைத் திரும்ப வைக்கும். கேக்கெக்சியாவில் அந்தக் கணக்கே குழம்பிப்போகிறது. கொழுப்பும் போகும், தசையும் போகும்.

ஒரு கொழுப்பு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறக்குறைய முழு இடத்தையும் ஒரே ஒரு எண்ணெய்த் துளி அடைத்திருக்கும். செல்லின் கரு ஓரமாக ஒண்டிக் கிடக்கும். சாப்பிட்டதும் சுரக்கிற இன்சுலின்தான் அந்தத் துளிக்குக் காவல். கட்டியும் அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு செல்களும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. (டிஎன்எஃப்புக்கு 1980களில் 'கேக்கெக்டின்' என்றே ஒரு பெயர் இருந்தது.) அதற்குப் பிறகு இன்சுலின் சொல் எடுபடுவதில்லை. கொழுப்பை உடைக்கும் நொதிகள் சாப்பிட்ட பின்பும் ஓயாமல் வேலை செய்கின்றன. புதுக் கொழுப்பை உள்ளே வாங்குவதோ மந்தமாகிவிடுகிறது. துளி சுருங்கச் சுருங்க செல்லும் வற்றுகிறது. செல்களுக்கு நடுவே நார்த்திசு படிவதும் உண்டு.

எலிகளில் இன்னொன்றும் தெரிந்தது. சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பு, வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு மாறி, சேமிப்பை வெறும் வெப்பமாக எரித்துவிடுகிறது. மனிதர்களில் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது 2011-இல் வந்த ஓர் ஆய்வு: கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி இல்லாத எலிகளுக்குப் புற்றுநோய் வந்தபோது, கொழுப்பு மட்டுமல்ல, தசையும் தப்பியது.

சரி, கொழுப்பைக் கூட்டலாமா? கூட்டலாம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4; நாலு வாய்தான் இறங்கும் என்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் அதற்கு முன் மலத்தைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பசையாக, கடும் நாற்றத்தோடு, தண்ணீரில் மிதந்தால், சாப்பிட்ட கொழுப்பைக் குடலில் செரிக்கவைக்கக் கணையம் சுரக்கிற நொதி போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் உணவோடு சேர்த்து எடுக்கும் நொதி மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது இல்லாமல் கொழுப்பை ஏற்றினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

பொதுவான அளவு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 64 கிலோவுக்குச் சுமார் 1,600 முதல் 1,900 கலோரி, 64 முதல் 96 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். முடிந்த அளவு நடையும் லேசான தசைப் பயிற்சியும் வேண்டும்.

சாப்பாட்டால் மட்டும் இதை முழுசாகத் திருப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசியைத் தூண்ட ஓலன்சபின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அப்புறம், அவர் தட்டைத் தள்ளிவைத்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அதே நோய் மூளையின் பசி உணர்வையும் அமுக்குகிறது. "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவதைவிட, அவருக்குப் பசிக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது மேல்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை திடீரென்று ஏறினால் சந்தோஷப்படும் முன் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், ஏறியது நீர்.