‘நேற்று ஏன் காணோம்?’ என்று கேட்க ஓர் ஆள்

கேள்வி: எனக்கு 28 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். கம்பெனி மாற்றலில் ஜோகன்னஸ்பர்க் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மிட்ராண்டில் ஒரு காம்ப்ளெக்ஸில் தனியாக இருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் காரை எடுத்தால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. அப்புறம் சாப்பாடு, மொபைல், தூக்கம். சனிக்கிழமை துணி துவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவேன். நல்ல சம்பளம், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் வந்தால் நெஞ்சை அடைக்கிறது. இனி வாழ்க்கை இவ்வளவுதானா? நமக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கும் என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மிட்ராண்ட்

பதில்: அன்புத் தம்பி,

ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன நாளை அப்படியே தூக்கிச் சோழிங்கநல்லூரில் வைத்தாலும் ஒன்றும் மாறாது. அங்கும் அதே ஏழு மணி, அதே ஆறரை, அதே மொபைல்தான். ஊர் மாறிய புதிதில் ஒரு மாதம் நன்றாக இருக்கும். அதற்கப்புறம் அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும்.

தினமும் ஒரே மாதிரி வாழ்வது ஒரு நோய் இல்லை. ஊரில் உங்கள் அப்பாவையோ மாமாவையோ நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் அதே டீக்கடை, அதே வயல் அல்லது கடை, சாயங்காலம் அதே திண்ணை. உங்களைவிட அவர்கள் நாட்களில் மாற்றம் குறைவு. ஆனால் அவர் ஒரு நாள் டீக்கடைக்கு வரவில்லை என்றால், மறுநாள் நாலு பேர் “நேத்து ஏன் காணோம்?” என்று கேட்பார்கள். உங்களை அப்படிக் கேட்க மிட்ராண்டில் யார் இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் அலுவலகம் இருக்கிறது, கார் இருக்கிறது, துணிகூட இருக்கிறது, மனிதர் ஒருவர்கூட இல்லை. நெஞ்சை அடைப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் உங்கள் தப்பு குறைவு. பள்ளிக்கூடம், ஹாஸ்டல், டவுன் பஸ் என்று இருந்தவரை நட்பு தானாக வந்தது. இருபத்தைந்துக்கு மேல் எந்த ஊரிலும் அது தானாக வராது. அதிலும் ஜோகன்னஸ்பர்க் மாதிரி ஊரில் ரொம்பக் கஷ்டம். காம்ப்ளெக்ஸ் கேட்டுக்கு ரிமோட், அலுவலகத்தில் அடித்தளப் பார்க்கிங், மளிகைச் சாமான் ஆப்பில் ஒரு மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியைத் தவிர யாரிடமும் வாய் திறக்காமல் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். பாதுகாப்புக்காகக் கட்டிய மதில்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மதிலுக்குள்ளேயே இருந்தால் மனிதர் கிடைக்க மாட்டார்கள். ஜூன், ஜூலையில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற இந்த ஊரில் அது இன்னும் உறைக்கும்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு மணி நேரத்தை, ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தோடு செலவழிக்க ஒதுக்குங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் போங்கள். முதல் மூன்று நாலு வாரம் போரடிக்கும், யாரையும் தெரியாது, “இதுக்குத் தூங்கியே இருக்கலாம்” என்று தோன்றும். பழக்கம் என்பது திரும்பத் திரும்ப முகம் பார்ப்பதில்தான் வருகிறது. ஒரு நாள் உற்சாகமாக நாலு இடத்துக்குப் போய்விட்டு வந்தால் வராது.

எங்கே போவது? ஓட்டம் பிடிக்குமா? சனிக்கிழமை காலை பார்க்ரன் என்று பூங்காவில் கூட்டமாக ஓடுகிற ஓட்டம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, ஒரு தடவை பதிவு செய்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவில் இது 2011-இல் இதே ஜோகன்னஸ்பர்க் டெல்டா பார்க்கில்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் இந்த நாட்டின் புகழ்பெற்ற நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது தடவை ஜெயித்த புரூஸ் ஃபோர்டைஸ். இப்போது பல பூங்காக்களில் நடக்கிறது. பயப்பட வேண்டாம், நடந்தே முடிக்கிறவர்கள் ஏராளம். தாத்தா பாட்டிகள் வருவார்கள், குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். கூட்டத்தோடு நடப்பதால் தனியாக நடக்கிற பயமும் இல்லை. முடிந்ததும் காருக்கு ஓடாதீர்கள். காபி குடிக்கிற கும்பலோடு நில்லுங்கள். முடிந்தால் சில வாரம் தொண்டராக நின்று பார்கோடு ஸ்கேன் செய்யுங்கள். அந்த வேலையில் இருந்தால் நூறு பேர் உங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

ஓட்டம் வேண்டாம் என்றால் கோயில். “நமக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்டிருக்கிறீர்கள். தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான் தம்பி. தில்லையாடி அவர் பெற்றோரின் ஊர். சத்தியாக்கிரகச் சிறையில் உடம்பு கெட்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோன அந்தப் பெண்ணின் சமாதி இதே ஊரில் பிராம்ஃபோண்டைன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 1860-இல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதல் கூலிக் கப்பல் வந்ததிலிருந்து நம் ஜனம் இந்த நாட்டில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர்கள் நிறைய வாழ்கிற லெனேஷியாவில் நாலாவது ஐந்தாவது தலைமுறைக் குடும்பங்கள் இருக்கின்றன. மெல்ரோஸ் முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பக்தியோடு பாடுகிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தால், அந்த வீட்டு ஆத்தாக்கள் உங்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். உங்களை அங்கே நிஜமாகவே தேடுவார்கள்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு ரொம்ப வலித்த வரி அது. இந்த வாரமே நாலு தட்டு, நாலு டம்ளர் வாங்குங்கள். வாங்கிய கையோடு ஆபீசில் யாராவது இரண்டு பேரைச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கூப்பிடுங்கள். சமையல் சுமாராக இருந்தால் பரவாயில்லை. கம்பெனி மாற்றல் விசா அதிகபட்சம் நாலு வருஷம் என்பதால் “தற்காலிகம்தானே” என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்த நாலு வருஷமும் 26-இலிருந்து 30 வரை உள்ள வருஷம். அதை எங்கேயும் திரும்ப வாங்க முடியாது.

அம்மாவிடம் எப்போது பேசுகிறீர்கள்? நீங்கள் வீடு திரும்பும் ஆறரைக்கு அங்கே இரவு பத்து மணி. தூக்கக் கலக்கத்தில் “சாப்பிட்டியா, சரி வை” என்பதோடு முடியும். காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒன்பதரை. சமையல் முடித்துவிட்டு நிதானமாகப் பேசுவார்கள், ஊர்க்கதை முழுக்க வரும்.

கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பண்ணிக்கொள்ளுங்கள், தாராளமாக. ஞாயிற்றுக்கிழமையை நிரப்புவதற்காக மட்டும் வேண்டாம். அந்தப் பெண்ணும் இதே மதிலுக்குள் வந்து, நீங்கள் ஆபீஸ் போனதும் தனியாகத்தானே உட்கார வேண்டும்?

இன்னொன்று. தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள். பல கம்பெனிகளில் ஊழியர்களுக்கு ரகசியமான மனநல ஆலோசனை இலவசமாக உண்டு. எச்.ஆரிடம் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்புவதா என்பதைப் பொங்கலுக்கு அப்புறம் முடிவு செய்யலாம். அதற்குள் டிசம்பர் வந்துவிடும். 16-ஆம் தேதி நல்லிணக்க தின விடுமுறையோடு ஜோகன்னஸ்பர்க்கே காலியாகிவிடும், பாதி ஊர் டர்பன் கடற்கரையில் இருக்கும். அந்த மூன்று வாரத்தை மட்டும் மிட்ராண்டில் தனியாகக் கழிக்காதீர்கள். அம்பாசமுத்திரம் என்றால் டிக்கெட்டை இப்போதே போடுங்கள். இல்லையென்றால் அதற்குள் பழகியிருக்கும் யாருடனாவது சேர்ந்து டர்பனுக்குக் காரில் போங்கள், ஆறு மணி நேரப் பாதைதான்.