அறிவியல் இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது ரெஃபரன்ஸ்களை எப்படி அமைப்பது?

"முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பப் போகிறேன். அறுபதுக்கு மேல் ரெஃபரன்ஸ் இருக்கிறது. இதழ் கேட்கும் ஸ்டைலுக்குக் கையாலேயே மாற்றிவிடலாமா, மென்பொருள் கட்டாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கமாவையும் முற்றுப்புள்ளியையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களுக்கான காப்பி எடிட்டிங், டைப்செட்டிங் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கிறது. நானும் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் இருக்கிறேன். ஏற்கப்பட்ட கட்டுரை எங்களிடம் வந்ததும் ரெஃபரன்ஸ் பட்டியல் ஒரு மென்பொருளுக்குள் போகும். ஒவ்வொன்றையும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், வால்யூம், பக்கம் என்று பிரித்து டேக் செய்து, கிராஸ்ரெஃப், பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, இதழின் ஸ்டைலில் அதுவே மாற்றி அடுக்கிவிடும். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட கமாக்கள் அதில் காணாமல் போகும். வால்யூம் எண் தப்பாக இருந்தால் அது காணாமல் போகாது; ஆத்தர் க்வெரியாக, அதாவது ஆசிரியரான உங்களிடம் நாங்கள் கேட்கும் கேள்வியாகத் திரும்பி வரும்.

எல்செவியர் போன்ற பெரிய பதிப்பகங்களின் பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்பில் எந்த ஸ்டைலையும் ஏற்றுக்கொள்கின்றன, பட்டியல் முழுக்க ஒரே சீராக இருந்தால் போதும். சிறிய சங்கங்கள் நடத்தும் இதழ்கள் பல அப்படியில்லை. ஸ்டைல் சரியில்லை என்று, கட்டுரையை மதிப்பிடும் விமர்சகருக்கே அனுப்பாமல் திருப்பிவிடுவார்கள். அதனால் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியை ஒருமுறை படித்துவிடுங்கள். அதைவிட நல்லது, அதே இதழில் சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. பல இதழ்களின் வழிகாட்டி பழசாகக் கிடக்கும், அச்சில் வருவது வேறாக இருக்கும்.

ஸ்டைல் ஆயிரம் இருந்தாலும் குடும்பம் இரண்டுதான். ஒன்று பெயர்-ஆண்டு முறை, கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும். 1881இல் எட்வர்ட் மார்க் என்ற ஹார்வர்ட் விலங்கியலாளர் ஓடில்லா நத்தை இனம் ஒன்றைப் பற்றிய தன் கட்டுரையில் பயன்படுத்தியதை இதன் தொடக்கம் என்பார்கள். இன்னொன்று எண் முறை, பெயருக்குப் பதில் எண் மட்டும் வரும். 1978இல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து இதற்கு வான்கூவர் ஸ்டைல் என்ற பெயர் வந்தது. உங்களுக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: எண் முறையில் நடுவில் ஒரு ரெஃபரன்ஸ் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் மாறும். விமர்சகர் "இந்த மூன்றையும் சேருங்கள்" என்று எழுதுவார், அநேகமாக மூன்றும் அவருடைய கட்டுரைகளாகவே இருக்கும். அப்போது அறுபது எண்ணைக் கையால் மாற்றிப் பாருங்கள், மென்பொருள் எதற்கு என்று புரியும்.

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து அடுக்கித்தரும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், வேர்டுக்குள்ளேயே வேலை செய்யும், பெரும்பாலான இதழ்களின் ஸ்டைல் அதில் கிடைக்கும். வேர்டுக்குப் பதில் லேட்டெக்கில் எழுதும் பழக்கம் இருந்தால், அதோடு சேர்ந்து ரெஃபரன்ஸ்களை அடுக்கும் பிப்டெக் போதும். இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள நிலையான அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்ததும் ஸோட்டெரோ விவரங்களை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வந்ததை அப்படியே நம்பக்கூடாது. சில சமயம் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். சில சமயம் உயிரினங்களின் அறிவியல் பெயருக்கு இருந்த சாய்வெழுத்து போயிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தை ஆசிரியராகப் போடும்போது ஒற்றைப் பெயர்ப் பெட்டிக்கு மாற்ற மறந்தால், பட்டியலில் "ஆர்கனைசேஷன் டபிள்யூ. எச்." என்று ஒரு புது ஆசாமி வந்து உட்கார்ந்துவிடுவார். இதை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். இதழ் பெயரின் சுருக்கத்தையும் பாருங்கள். இதழ் பெயர்களைச் சுருக்குவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4 விதிப்படிதான் சுருக்க வேண்டும். நேச்சர், சயின்ஸ், செல் போன்ற ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்கக்கூடாது.

நம் ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. எஸ். முத்துக்குமார் என்பவர் ஒரு கட்டுரையில் அப்படியே இருப்பார். இன்னொன்றில் இதழ் முழுப்பெயர் கேட்டதற்காக முத்துக்குமார் சுப்பிரமணியன் ஆகியிருப்பார். கடைசியில் வருவதைத்தான் குடும்பப் பெயராக எடுப்பார்கள் என்பதால், இரண்டாவது கட்டுரையை மேற்கோள் காட்டினால் பட்டியலில் நிற்பது அவருடைய அப்பா. மற்றவர்களின் கட்டுரையை அச்சில் உள்ள பெயரிலேயே காட்டுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். உங்கள் பெயருக்கு மட்டும் இப்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் ஒன்றும் வாங்கி, கடைசிவரை மாற்றாமல் இருங்கள்.

அடுத்தது, இல்லாத கட்டுரைகள். வான் டெர் கீர் என்பவரும் இன்னும் இருவரும் 2000இல் எழுதியதாக, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு ரெஃபரன்ஸ் உண்டு. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. எல்செவியர் தன் வழிகாட்டியில், ரெஃபரன்ஸ் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகப் போட்ட மாதிரி அது. ஆன்-வில் ஹார்ஸிங் என்ற ஆய்வாளர் 2017இல் இதைப் பற்றி எழுதியபோது, கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். பதிப்பகம் தரும் மாதிரிக் கோப்பான டெம்ப்ளேட்டை எடுத்து அதன் மேலேயே எழுதி, மாதிரி வரியை நீக்காமல் விட்டதில் பலவும் வந்திருக்கும். இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றிடம் ரெஃபரன்ஸ் கேட்டால், சில சமயம் நிஜ ஆசிரியர் பெயரோடும் நிஜ இதழ் பெயரோடும் பொய்க் கட்டுரையைத் தந்துவிடுகிறது. பார்க்க அச்சு அசலாக இருக்கும். அதனால் ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கி, திறப்பது அதே கட்டுரைதானா என்று பாருங்கள். அறுபதுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதுவும் பட்டியலில் இருந்தால் ஸோட்டெரோவே சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். அதையும் கண்டுகொள்ளாமல் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் க்வெரிகளில் அடிக்கடி வருவது மூன்று. பட்டியலில் இருக்கிறது, கட்டுரைக்குள் எங்கும் இல்லை. கட்டுரைக்குள் 2015 என்கிறீர்கள், பட்டியலில் 2016. "அச்சில் இருக்கிறது" என்று போட்டிருக்கிறீர்கள், அது வெளிவந்து வருஷக்கணக்காகிறது. பயோஆர்கைவ் மாதிரி தளத்தில் உள்ள ப்ரீபிரிண்ட்டை, அதாவது இதழில் வருவதற்கு முன் போடும் பிரதியைக் காட்டியிருந்தால், அனுப்புவதற்கு முன் அது இதழில் வந்துவிட்டதா என்று ஒருமுறை தேடுங்கள்.

கடைசி கோப்பில் மேற்கோள்களுக்கும் ஸோட்டெரோவுக்கும் உள்ள இணைப்புகளை நீக்கிவிட்டு அனுப்பலாம். நீக்குவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் கேட்டு வரும்போது அதில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃப் வந்த பிறகு புது ரெஃபரன்ஸ் சேர்க்காமல் இருப்பது நல்லது. பதில் சொல்லப் பெரும்பாலும் இரண்டு நாள்தான் தருவார்கள். தவிர்க்கவே முடியாதென்றால் எந்த வரியில், எந்த எண்ணுக்குப் பிறகு என்று தெளிவாக எழுதிவிடுங்கள். எண்களை நாங்கள் மாற்றிக்கொள்வோம்.