எரிக்சன், பியாஜே, ஃபிராய்டு குழப்பம்: வயதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வணக்கம் தங்கச்சி, கடலூரில் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம், மனித வளர்ச்சியை வயதுவாரியாக நிலைகளாகப் பிரித்துச் சொன்ன எரிக்சன், பியாஜே, ஃபிராய்டு என்ற இந்த மூன்று பேரின் நிலைகளும் தேர்வில் கலந்துவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதுதான் சிக்கல். ஒரு வயதை எடுத்துக்கொண்டு, அதில் மூவரும் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் புதுச்சேரியில் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். பாகூர் பக்கத்திலிருந்து வந்த நாலு வயதுப் பையன் ஒருவன் ஊசியைப் பார்த்ததும் "இனிமே தம்பிய அடிக்க மாட்டேன்" என்று கதறினான். குழந்தையின் சிந்தனை வளர்ச்சியைப் பேசும் பியாஜே கணக்கில் அது 2 முதல் 7 வயதுவரை வரும் முன்செயல்பாட்டு நிலை, எல்லாவற்றையும் தன்னை வைத்தே பார்க்கிற வயது, அதனால் ஊசி அவனுக்குத் தண்டனை. எரிக்சனிடம் போனால் முன்முயற்சியா குற்ற உணர்வா என்ற மூன்றாம் கட்டம். ஃபிராய்டுக்கு ஃபாலிக் நிலை (குழந்தையின் கவனம் பிறப்புறுப்பின் மேல் போகிற வயது), அதைப் பெயரளவில் எழுதினால் போதும். அப்புறம் நாங்கள் செய்தது: ஊசி இல்லாத சிரிஞ்சைக் கொடுத்து பொம்மைக்குப் போடச் சொன்னோம், "நீ தப்பு செஞ்சதுக்காக இல்லடா" என்று நேராகவே சொன்னோம். பராமரிப்புக் கேள்விக்கு இதைத்தான் எழுத வேண்டும்.

நிலைகளின் எண்ணிக்கை: ஃபிராய்டு 5, பியாஜே 4, எரிக்சன் 8. முதுமைவரை போகிறவர் எரிக்சன் மட்டும்தான், வார்டில் எனக்கு அதிகம் கைகொடுப்பவரும் அவரே. தேவனாம்பட்டினத்துத் தாத்தா ஒருவர் படுக்கையில் கடல் கதை பேச ஆரம்பித்தால் நின்று கேளுங்கள், அதுதான் எட்டாவது கட்டம், வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து நிறைவா விரக்தியா என்று எடைபோடுகிற வயது.