பனிக்காலத்துப் பாதங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு விடியுமுன்பே போகிறேன். மார்கழி பிறந்தாலே இரண்டு குதிகாலும் வெடித்து ரத்தம் கசிகிறது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் படுக்கிறேன். குணமில்லையே?
– வாசகி, குலசேகரம்

பதில்: எண்ணெயில் குறையில்லை சகோதரி, தேய்க்கிற நேரத்தில்தான் குறை. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் பனிக்காற்றில் முதலில் காய்வது குதிகால். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது. இருக்கிற ஈரம் போகாமல் மூடி வைக்கும். காய்ந்த காலில் தேய்த்தால் மேலே பளபளக்கும், அவ்வளவே.

இப்படிச் செய்யுங்கள். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். உப்பு, சோப்பு எதுவும் வேண்டாம். தடித்த ஓரத்தை மட்டும் கால் தேய்க்கும் நுரைக்கல்லால் லேசாகத் தேயுங்கள். ரத்தம் கசியும் பிளவில் கல் படவே கூடாது. துண்டால் ஒற்றியதும், ஈரப்பதம் போகுமுன் யூரியா கலந்த கிரீம் தடவுங்கள். தோல் தடித்திருக்கும்வரை 25 சதவீதம், மிருதுவான பிறகு 10 சதவீதம் போதும். திறந்த பிளவில் யூரியா எரியும். அங்கே வாசலின் மட்டும் வைத்து, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். பிளவு மூடிய பிறகும் வாரம் இரண்டு நாளாவது தொடருங்கள். நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

வெடித்த தோலைப் பிளேடால் சீவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கை சற்று அழுந்தினால் நல்ல தோலும் அறுந்து, அதன் வழியே கிருமி ஏறும். பின்பக்கம் திறந்த செருப்பும் ஒரு காரணம்: மிதிக்கும்போது குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கி, வறண்ட ஓரம் கிழிகிறது. பின்பக்கம் மூடியதை வாங்குங்கள்.

ஆனால் பனி நனைத்த புல்லில் மூடிய செருப்பும் ஈரமாகிவிடும். வீடு திரும்பியதும் விரலிடுக்கைத் துடையுங்கள். அங்கே தோல் வெளுத்து, ஊறி, அரித்தால் சேற்றுப்புண். எண்ணெயோ கிரீமோ அந்த இடத்துக்கு ஆகாது. குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு இரண்டு முறை, அரிப்பு நின்ற பிறகும் விடாமல் 4 வாரம் போடுங்கள். ஒரு காலில் மட்டும் உள்ளங்கால் முழுக்க மாவு மாதிரி உதிர்ந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. கால் ஜில்லென்று இருக்கிறது என்கிறார். வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டவே வேண்டாம். நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும். அது புண்ணாகி ஆறாமல் போனால் விரலையே இழக்க நேரிடும். கணுக்காலை இறுக்காத தளர்ந்த காலுறை போதும். கால் கழுவும் தண்ணீரை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பு போடுமுன் உள்ளே கை விட்டு, கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடட்டும்.

ஒரு கால் மட்டும் அதிகம் குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் விட்டுவிட்டாலோ, அது ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மகன் காஷ்மீரில் ராணுவத்தில் இருக்கிறான். கால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கிறதாம்.
– வாசகி, கருங்கல்

பதில்: விறைத்த காலை நேராகத் தீயருகிலோ ஹீட்டரிலோ காட்டினால் இது அதிகமாகும். குளிரில் சுருங்கிய ரத்தக்குழாய் திடீரென விரிய, நீர் கசிந்து வீங்குகிறது. நனைந்த காலுறையை உடனே மாற்றி, போர்வைக்குள் வைத்து மெல்லச் சூடேறவிடச் சொல்லுங்கள். இரண்டு காலுறை போட்டு பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர் கூடும்; கம்பளிக் காலுறை ஒன்றே நல்லது. விரல் வெளுத்தோ கறுத்தோ உணர்வற்றுப் போனால் தேய்க்காமல் உடனே முகாம் மருத்துவரிடம் போக வேண்டும்.